பலகையில் எழுபது

மறுதேர்வு வகுப்பு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும். அதை யாரும் விரும்பி எடுப்பதில்லை. புள்ளியியலில் ஒரு தடவையாவது தோற்றவர்கள் மட்டும் உட்கார்ந்திருக்கும் வகுப்பு. பாதிப் பேருக்குத் தூக்கம், மீதிப் பேருக்கு வெட்கம். துறையில் நிரந்தரமாக இருப்பவர்கள் அதை ஒப்பந்த ஆசிரியர்கள் தலையில் கட்டுவார்கள். ஒப்பந்த ஆசிரியர்களில் அவள் மூத்தவள். ஒவ்வொரு பருவமும் அது அவளிடமே வந்தது.

அந்த வகுப்பில் அவளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. உள்ளே வந்ததும் சாக்பீஸை மேஜைமேல் வைப்பாள்.

"தப்பு போட யாரு வர்றீங்க?"

ஒருவர் எழுந்து வந்து கணக்கைத் தனக்குத் தெரிந்தபடி போடுவார். சரியாகப் போட்டால் திருப்பி அனுப்பிவிடுவாள். தப்பாகப் போட்டால் முதல் பெஞ்சில் இடம் கேட்டு உட்கார்ந்துகொள்வாள். எங்கே தடம் மாறியது என்று வகுப்பு தேட வேண்டும். அவள் சொல்ல மாட்டாள். சில நாள் மணி அடிக்கும்வரை சொல்ல மாட்டாள். கண்டுபிடித்தவருக்கும் வேலை முடிந்துவிடாது. அறிவுள்ள ஒருத்தர் ஏன் இந்த இடத்தில் விழுவார் என்பதையும் அவரே சொல்ல வேண்டும்.

பருவத் தொடக்கத்தில் யாரும் எழ மாட்டார்கள். தப்புப் போட்டுத்தானே இங்கே வந்து சேர்ந்தோம் என்பதுபோல் மேஜையைப் பார்ப்பார்கள். போகப் போக அவர்களுக்குள் போட்டி வந்துவிடும். என் தப்புதான் பெரிய தப்பு, நேற்று அவன் போட்டதெல்லாம் ஒரு தப்பா என்று வராந்தாவில் பேசிக்கொண்டு போவார்கள்.

இந்தப் பருவத்தில் இரண்டு பேர் முன்னால் நின்றார்கள். ஒருவன் 'தாத்தா.' வகுப்பிலேயே வயதில் மூத்தவன், அதிகம் தோற்றவன், மீசை வைத்தவன். அவனுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. இன்னொருத்தி எதைச் சொன்னாலும் "ஆனா மேடம்" என்று எழுந்து நிற்பவள். அவள் பெயரே 'ஆனா' என்று ஆகிவிட்டது.

ஆனா போட்ட தப்பு ஒன்று இரண்டு வகுப்புகளைத் தின்றது. ஒரு வகுப்பில் நாற்பது பேர், சராசரி மதிப்பெண் அறுபது. இன்னொன்றில் பத்துப் பேர், சராசரி எண்பது. எல்லோருக்கும் சேர்த்து என்ன சராசரி? ஆனா அறுபதையும் எண்பதையும் கூட்டி, இரண்டால் வகுத்து, எழுபது என்று எழுதினாள். வகுப்பே தலையாட்டியது. ஆசிரியை வழக்கம்போல் முதல் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தாள். மறுநாள்தான் தாத்தா எழுந்தான்.

"மேடம், நாப்பது பேரு ஒரு பக்கம், பத்து பேரு ஒரு பக்கம். கயிறு இழுத்தா நடுவுலயா நிக்கும்?"

நாற்பது பேர் இருக்கும் பக்கம் போகும். அறுபத்து நான்கில் நிற்கும். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் யாரும் அந்தத் தப்பைச் செய்யவில்லை. செய்ய முடியாது. சராசரி என்றாலே கயிறு என்பார்கள்.

அவளுடைய ஒப்பந்தம் இந்தப் பருவத்தோடு முடிகிறது. ஒவ்வொரு பருவமும்தான் முடியும். மேஜை இழுப்பறையைக் காலி செய்து சாவியை அலுவலகத்தில் கொடுப்பாள். விடுமுறை கழிந்து அதே சாவியை வாங்கி அதே இழுப்பறையை நிரப்புவாள். இந்தத் தடவை புது விதி வந்திருந்தது. இத்தனை வருடத்துக்கு மேல் ஒருவரை ஒப்பந்தத்தில் வைக்கக் கூடாதாம். அவள் அந்த எல்லையைத் தாண்டியிருந்தாள். சாவி இனித் திரும்பி வராது.

ஒரே ஒரு வழி இருந்தது. சிறந்த ஆசிரியர் விருது. ஒப்பந்த ஆசிரியர் யாராவது அதை வாங்கினால் அவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று விதியில் இருந்தது. இதுவரை யாரும் வாங்கியதில்லை. இந்த வருடம் மாணவர்கள் போட்ட மதிப்பெண்ணில் அவள் முதலாவதாக வந்திருந்தாள். இனி பாக்கி, குழு வந்து ஒரு வகுப்பைப் பார்ப்பது.

இதைச் சொன்னவர் துறைத்தலைவர். படிக்கும் காலத்தில் அவளுக்கு ஒரு வருடம் மூத்தவர். அவளைவிட அவர்தான் அதிகம் பரபரத்தார். வியாழக்கிழமை மறுதேர்வு வகுப்பையே பார்க்கட்டும், அதுதான் அவளுடைய கோட்டை என்று டீனிடம் அவரே சொல்லியிருந்தார்.

வீட்டில் சொன்னபோது கணவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். மணிக்கட்டு வலி வந்து அரை நாள் வேலையாகிவிட்டது. இடது கையால் சாப்பிடப் பழகிக்கொண்டிருந்தான்.

"தப்பு போடச் சொல்லிக் குடுக்குற டீச்சருக்கு சிறந்த ஆசிரியர் விருது. வெளிய சொன்னா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்."

"கிடைச்சா இழுப்பறையக் காலி பண்ண வேணாம் இல்ல?"

வேண்டாம் என்றாள். அவன் தலையாட்டினான். இருவரில் ஒருவருக்காவது நாளைக்கும் வேலை இருக்கும் என்று நினைத்துக்கொண்டு தூங்க வேண்டும். அவளுக்கு அது போதும். விருது என்ற சொல்லில் அவளுக்கு வேறெதுவும் தெரியவில்லை.

வியாழக்கிழமை கதவைத் திறந்ததும் வகுப்பு வேறு மாதிரி இருந்தது. எல்லோரும் முன் பெஞ்சுகளில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருடைய சட்டையும் தேய்த்திருந்தது. தாத்தா மீசையை ஒழுங்காக வெட்டியிருந்தான். யாரும் தூங்கவில்லை. கடைசி பெஞ்சில் டீன், அவருக்குப் பக்கத்தில் வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த கல்வியியல் நிபுணர், ஓரத்தில் துறைத்தலைவர். பெஞ்சு மாணவர்களுக்குச் செய்தது. டீனின் முழங்கால் உள்ளே போகவில்லை. பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

அவள் சாக்பீஸை மேஜையில் வைத்தாள். தப்பு போட யார் வருகிறீர்கள் என்று கேட்டாள். நிபுணர் நிமிர்ந்து பார்த்தார்.

தாத்தா எழுந்து வந்தான். கணக்கைப் போட்டான். படிப்படியாக, நேர்க்கோட்டில், விடைக்குக் கீழே இரண்டு கோடு. சரியாக இருந்தது. திருப்பி அனுப்பினாள். அடுத்து ஒருவன் வந்தான். சரி. ஆனா வந்தாள். அவளும் சரி. ஒவ்வொருவரும் சாக்பீஸைப் பத்திரமாக மேஜையில் வைத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு போனார்கள்.

"சந்தேகம் ஏதாவது?"

"இல்ல மேடம்."

ஒரே குரலில் வந்தது. பள்ளிக்கூடத்தில் சொல்வதுபோல.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. பாடம் முழுவதையும் தேர்வுக்குப் படிப்பதுபோல் படித்து, ஒப்பித்துப் பார்த்து, ஒரு சந்தேகமும் மிச்சமில்லாமல் வந்திருக்கிறார்கள். அவளுக்கு அங்கே செய்ய ஒன்றுமில்லை. வகுப்பில் பாதி நேரம் இன்னும் இருந்தது. டீன் காலை மாற்றிப் போட்டார்.

அவள் சாக்பீஸை எடுத்தாள். இதுவரை அந்த வகுப்பில் அவள் கணக்குப் போட்டதில்லை. நாற்பது பேர், சராசரி அறுபது. பத்துப் பேர், சராசரி எண்பது. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தாள். எழுபது. பெரிதாக எழுதிவிட்டுத் திரும்பினாள்.

"சரியா?"

ஆனாவைப் பார்த்தாள். ஆனாவின் வாய் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது. தாத்தா குனிந்து செருப்பின் வாரைச் சரிசெய்தான். கயிறு என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒவ்வொருவராகக் குனிந்து நோட்டில் எழுபது என்று எழுதினார்கள். பேனாக்களின் சத்தம் கேட்டது.

"நல்லா பாருங்க."

பார்த்தார்கள். தலையாட்டினார்கள். பின்னால் நிபுணர் எதையோ எழுதி அடிக்கோடிட்டார்.

இது தப்பு என்று அவளே சொல்லியிருக்கலாம். சொன்னால் பின்னால் இருப்பவர்களுக்கு, தவறிவிட்டுச் சமாளிப்பதுபோல் தெரியும். அது மட்டுமில்லை. தப்பைத் தானே எடுத்துச் சொல்வது அந்த வகுப்பில் வழக்கமில்லை. அவள் முதல் பெஞ்சில் இடம் தேடினாள். எல்லோரும் முன்னால் வந்து நெருக்கியிருந்ததால் இடமில்லை. நின்றுகொண்டே காத்திருந்தாள். மணி அடித்தது.

வராந்தாவில் ஆனாவும் தாத்தாவும் ஓடிவந்து பிடித்துக்கொண்டார்கள். முகம் இரண்டும் பளிச்சென்று இருந்தன.

"எப்படி மேடம் இருந்துச்சு?" என்றான் தாத்தா.

"நல்லா படிச்சிருந்தீங்க."

"ஆனா மேடம்." ஆனா பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஒரே ஒரு இடத்துல நீங்க எழுபதுன்னு போட்டுட்டீங்க. பதட்டத்துல வர்றதுதான். எல்லாரும் பாத்துட்டோம் மேடம். ஆனா ஒருத்தரும் காட்டிக் குடுக்கல."

"கடைசி பெஞ்சுக்குத் தெரியவே தெரியாது," என்றான் தாத்தா. "நோட்டுலகூட அப்படியே எழுதிக்கிட்டோம்."

அவள் இருவரையும் பார்த்தாள். நல்லது என்றாள். இப்படிப் படித்துவிட்டு வரச் சொன்னது யார் என்று மட்டும் கேட்டாள்.

எச்ஓடி சார் வந்தாராம். உங்கள் மேடத்துக்கு இது வாழ்க்கைப் பிரச்சினை, அவங்களுக்காக ஒரு நாளாவது தப்பில்லாமல் இருங்கடா என்றாராம். தாத்தா வீட்டில் எல்லோரும் கூடி ஒத்திகையும் பார்த்திருக்கிறார்கள். ஆனாதான் மேடமாக நடித்தாளாம்.

அடுத்த வாரம் துறைத்தலைவர் கூப்பிட்டார். அவள் போனபோது கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"எழுபதுன்னு எழுதிட்டியேம்மா."

அவள் உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியும். நீ எதுக்கு எழுதினேன்னு அந்த நிமிஷமே தெரிஞ்சுது. அந்த நிபுணரம்மாவுக்குத் தெரியல. ஆசிரியர் அடிப்படையில தவறினார், மாணவர்கள் கவனிக்கல, அப்படின்னு போட்டுட்டாங்க. வகுப்புல உயிர் இல்லன்னு டீன் போட்டிருக்காரு."

"உயிர் இல்லதான் சார்."

குழு போட்ட மதிப்பெண் மிகக் குறைவு. விருது வேறொருவருக்குப் போகிறது. அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். விருது வாங்கப் போகிறவருக்கு மாணவர்கள் போட்ட மதிப்பெண் இருந்தது. அவருக்கு ஒரு பெரிய வகுப்பு, அரங்கு நிறைய ஆட்கள். ஒரு சின்ன வகுப்பு, ஒரு மேஜையைச் சுற்றி உட்காரும் அளவு. பெரியதில் சுமாரான சராசரி, சின்னதில் பிரமாதமான சராசரி. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்திருந்தது.

அவள் அதையே பார்த்தாள்.

"அதப் பாக்காத," என்றார் அவர். "ரொம்ப வருஷமா அப்படித்தான் போடுறாங்க. ஒரு தடவை சொன்னேன். எல்லாருக்கும் அப்படித்தானே போடுறோம், அப்புறம் என்ன அநியாயம்னு டீன் கேட்டாரு. சரியா போட்டாலும் இந்தத் தடவை அவருதான் வர்றாரு. நான் போட்டுப் பாத்துட்டேன்."

பிறகு அவர் கூப்பிட்ட விஷயத்துக்கு வந்தார். ஒரு விதி இருக்கிறது. பார்வைக்கு வந்த வகுப்பு ஒத்திகை பார்த்து நடந்தது என்று ஆசிரியரே புகார் சொன்னால் அந்தப் பார்வை செல்லாது. குழு மறுபடி வர வேண்டும், முன்கூட்டிச் சொல்லாமல். சொல்லாமல் வந்தால் அவள்தான் ஜெயிப்பாள், அதில் அவருக்குச் சந்தேகமில்லை.

"பசங்களுக்கு என்ன ஆகும்?"

அவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். மறுதேர்வு வகுப்பில் ஒத்திகை முறைகேட்டில் சேரும். அந்தப் பருவம் ரத்தாகும். மற்றவர்கள் அடுத்த பருவம் எழுதலாம்.

"தாத்தாவுக்கு அடுத்த பருவம் கிடையாது."

"தெரியும்."

"நீங்க சொல்லித்தான் பண்ணாங்கன்னு சொன்னா அவங்க தப்பிச்சுடுவாங்க."

அவர் மேஜையில் இருந்த ஸ்டேப்ளரை நகர்த்தி வைத்தார். திரும்பப் பழைய இடத்திலேயே வைத்தார்.

"என் பேர் மட்டும் வேணாம்மா. நல்லது நெனச்சுத்தான் சொன்னேன். எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ் இருக்கு."

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்தாள். வெள்ளிக்கிழமைக்குள் என்றார்.

கணவன் மாலையில் வென்னீரில் மணிக்கட்டை முக்கி வைத்திருந்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். துறைத்தலைவரைப் பற்றிச் சொன்னபோது ஒரு வசவு சொன்னான். மற்றபடி கடைசிவரை கேட்டான்.

"புகார் குடுத்துடு."

"தாத்தா வெளிய போயிடுவான்."

"எத்தன தடவ தோத்தவன். அவன் தோக்குறதுக்கு நீ காரணமா? ஒவ்வொரு ஆறு மாசமும் நம்மளும்தான் வாசல்ல நின்னோம். யாராவது பாத்தாங்களா?"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அவள் அதை மறுக்கவில்லை. சோர்வாக இருந்தது. கொடுத்துவிட்டால் தூங்கலாம் என்று தோன்றியது.

"அவர் பேரையும் சேத்துச் சொல்லேன்," என்றான்.

"சொன்னா இல்லைன்னுடுவாரு. அப்புறம் அவரு சொன்னதா, பசங்க சொன்னதான்னு வரும். பசங்க சொன்னத யாரு கேப்பா?"

அவன் கையைத் தண்ணீரிலிருந்து எடுத்துத் துடைத்தான்.

"தப்புன்னு தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டு இருந்துருக்காங்க. அது தப்புதானே?"

"தப்புதான்."

"அப்புறம் என்ன?"

"அறிவுள்ளவங்க ஏன் அங்க விழுந்தாங்கன்னு கேளுங்க."

அவன் கேட்கவில்லை. துண்டை மடித்தான். தண்ணீரைக் கொண்டுபோய்க் கொட்டினான். திரும்பி வந்து, சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா என்றான்.

புகார் இல்லை என்று மறுநாளே சொல்லிவிட்டாள். துறைத்தலைவர் மூச்சை விட்டார். விட்டது அவருக்கே கேட்டிருக்க வேண்டும். முகம் சுருங்கியது. வேறு எங்காவது வேலைக்குச் சொல்லிப் பார்க்கிறேன் என்றார். சரி என்றாள்.

விருது கொடுத்த அன்று போய் உட்கார்ந்தாள். வாங்கியவர் கெட்டிக்காரர், கெட்டவரும் இல்லை. கேடயத்தை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி வைத்திருந்தார். சிறந்த கற்பித்தலைப் பல்கலைக்கழகம் ஒருபோதும் கவனிக்காமல் விட்டதில்லை என்று டீன் பேசினார். அவள் கைதட்டினாள். பக்கத்து நாற்காலிக்காரர் தட்டி முடித்த பிறகும் கொஞ்சம் தட்டினாள்.

கடைசி வகுப்புக்குப் போனபோது மாணவர்கள் பழையபடி சிதறி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சட்டையும் தேய்த்திருக்கவில்லை. ஆனால் யாரும் பேசவில்லை. விஷயம் தெரிந்துவிட்டது. அவள் சாக்பீஸை மேஜையில் வைக்கும் முன்பே தாத்தா எழுந்துவிட்டான்.

"எங்களாலயா மேடம்?"

இல்லை என்று சொல்லலாம். சொன்னால் நம்ப மாட்டார்கள். ஆமாம் என்றால் அந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டே தேர்வுக்குப் போவார்கள். அவள் பலகைக்குப் போனாள். நாற்பது, அறுபது. பத்து, எண்பது. கூட்டி, இரண்டால் வகுத்து, எழுபது என்று எழுதினாள். அன்று எழுதிய அதே இடத்தில், அதே அளவில்.

"அன்னிக்கு வேணும்னுதான் போட்டேன்," என்றாள். "யாராவது எந்திரிப்பீங்கன்னு பாத்தேன்."

யாரும் அசையவில்லை. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். தாத்தா நின்றவன் நின்றபடியே இருந்தான்.

அவள் முதல் பெஞ்சுக்கு வந்தாள். இடம் இருந்தது. உட்கார்ந்துகொண்டாள்.

"இன்னும் நேரம் இருக்கு."

வெளியே யாரோ ஒரு பெஞ்சை இழுத்துக்கொண்டு போகும் சத்தம் நீண்ட நேரம் கேட்டது. அது நின்ற பிறகு பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஆனா மேடம்."

"சொல்லு."

"எழுபது தப்பு. அறுபத்து நாலு." எழுந்து நின்றாள். "நாப்பது பேரு ஒரு பக்கம் இருக்காங்க."

"சரி. அறிவுள்ளவங்க ஏன் அதப் பாத்தும் சும்மா இருப்பாங்க?"

ஆனா பலகையில் இருந்த எழுபதைப் பார்த்தாள். வகுப்பு முழுவதும் அவள் பக்கம் திரும்பியிருந்தது.

"தெரியல மேடம்," என்றாள். "தப்பச் சொன்னா உங்களுக்கு எதிரா போற மாதிரி இருந்துச்சு."

"தேர்வுல அப்படி இருக்காது. அங்க யாரும் எனக்காகப் போட வேணாம்."

தாத்தா வந்து எழுபதை அழித்தான். அறுபத்து நான்கு என்று எழுதினான். கீழே கோடு போடப் போனான். கோடு வேண்டாம் என்றாள். அதற்குப் பிறகு மணி அடிக்கும்வரை மூன்று பேர் வந்து தப்பு போட்டார்கள். ஒன்று உண்மையிலேயே நல்ல தப்பு. பாதிதான் தேட முடிந்தது. மீதியை நீங்களே தேடிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

இழுப்பறையில் அதிகம் இல்லை. துண்டு சாக்பீஸ்கள், ஒரு குடை, பாதி மாத்திரை அட்டை. பைக்குள் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள். எழுத்தர் சாவியை வாங்கி ஆணியில் மாட்டப் போனவர் பாதியில் நின்றார்.

"எப்படியும் திரும்பி வந்து வாங்கத்தானே போறீங்க. நீங்களே வச்சுக்குங்களேன் மேடம். எனக்கு ஒரு தடவை எந்திரிக்குற வேல மிச்சம்."

சாவியை நீட்டியபடி நின்றார். அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

"மாட்டிடுங்க," என்றாள்.